ஃபுல்ஃபுல்டே: முதல் எழுத்து நிலைக்காத மொழிக்கு அகராதி செய்த கதை

ஒரு மொழியின் பெயரையே அதன் அகராதியில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் எப்படி இருக்கும்?

மேற்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்ப்பவர்களாகப் பெயர் பெற்ற ஒரு பெரிய இனம் உண்டு. அந்த இனத்தில் ஒருவர் என்றால் 'புல்லோ'. பலர் என்றால் 'ஃபுல்பே'. அவர்கள் பேசும் மொழி நைஜீரியா, காமரூன், மாலி பக்கம் 'ஃபுல்ஃபுல்டே'. செனகல், மௌரித்தானியா பக்கம் 'புலார்'. அவர்களுடைய குணநலன், மானம், அடக்கம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் சொல் 'புலாகு'. ஐந்து சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் ரோமன் எழுத்தில் எழுதி ஆங்கில வரிசைப்படி அடுக்கினால் இரண்டு சொற்கள் ஆறாவது எழுத்திலும் மூன்று சொற்கள் பதினாறாவது எழுத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் நூற்றுக்கணக்கான பக்கங்கள்!

ஏதோ ஒரு சொல்லுக்கு மட்டும் வந்த விபத்து இல்லை இது. இந்த மொழியில் ஏராளமான சொற்களுக்கு முதல் மெய்யெழுத்து நிலையாக நிற்காது. தமிழில் 'வா' என்ற சொல் வந்தான், வருகிறான், வாராது என்று என்ன ஆட்டம் ஆடினாலும் முதலில் இருக்கும் 'வ' அசையாது. அதை நம்பித்தான் அகராதியைத் திறக்கிறோம். அந்த நம்பிக்கை இல்லாத மொழிக்கு அகராதி செய்யப் புறப்பட்டவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கொஞ்சம் பொறுமை தேவை, ஆனால் கணக்கு சுத்தமானது. மாறக்கூடிய ஒவ்வொரு மெய்க்கும் மூன்று படிகள் உண்டு. முதல் படி மெல்லிய ஒலி, இரண்டாவது அடைத்துத் திறக்கும் வல்லொலி, மூன்றாவது மூக்கொலி சேர்ந்த வல்லொலி.

வ – ப – ம்ப
ர – ட – ண்ட
ய – ஜ – ஞ்ஜ
வ அல்லது ய – க – ங்க
ஃப – ப – ப
ஸ – ச – ச
ஹ – க – க

இங்கே தமிழ் எழுத்து கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. முதல் வரிசையில் வரும் ப 'அம்பு' என்பதில் ஒலிப்பது போன்றது; ஃப-வோடு வரும் ப 'பல்' என்பதில் ஒலிப்பது. அதேபோல நான்காம் வரிசையின் க 'தங்கம்' என்பதில் வருவது. கடைசி வரிசையின் க 'கல்' என்பதில் வருவது. இவை போதாதென்று, மூச்சை உள்ளே இழுத்து உச்சரிக்கும் இன்னொரு வகை ப, ட ஒலிகளும் அந்த மொழியில் உண்டு. அவை எப்போதும் மாறாது. 'ஃபுல்பே' என்பதில் வரும் 'பே' அந்த வகைதான்.

இந்த மொழியில் பெயர்ச்சொற்கள் இருபதுக்கு மேற்பட்ட வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. மனிதர் ஒருமை ஒரு வகுப்பு, மனிதர் பன்மை ஒரு வகுப்பு, நீர்மப் பொருள்களுக்கு ஒன்று, சின்னஞ்சிறியவற்றுக்கு ஒன்று என்று நீளும். எந்தப் படி வரவேண்டும் என்பதை வகுப்புதான் தீர்மானிக்கிறது. 'ஸூடு' என்றால் வீடு, 'சூடி' என்றால் வீடுகள். 'ஹோரே' தலை, 'கோஎ' தலைகள். 'வாண்டு' என்றால் குரங்கு (நம் ஊரில் சேட்டைக்காரப் பையனை வாண்டு என்பது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்!), குரங்குகள் என்றால் 'பாடி'. மனிதரைச் சொல்லும்போது தலைகீழ்: ஆண் 'கொர்கோ', ஆண்கள் 'வொர்பே', பெண் 'டெப்போ', பெண்கள் 'ரெவ்பே'. பஸ் டெப்போ ஞாபகம் வந்தால் அதற்கு அவர்கள் பொறுப்பல்ல. கழுதைப்புலி 'ஃபோவ்ரு', பன்மையில் 'பொப்பி'. அதில் முதலும் போச்சு, நடுவும் போச்சு, கடைசியும் போச்சு. இரண்டும் ஒரே மிருகம் என்று வெளியாள் எப்படி ஊகிப்பான்?

வினைச்சொல்லும் விட்டுவைக்கவில்லை. 'ஓ விண்டீ' என்றால் அவர் எழுதினார். அவர்கள் எழுதினார்கள் என்றால் 'பே ம்பிண்டீ'. எழுத்தாளர் 'பிண்டோவோ', எழுத்தாளர்கள் 'விண்டோபே'. உழுதார் 'ஓ ரெமீ', உழுதார்கள் 'பே ண்டெமீ', உழவர் 'டெமோவோ'. ஒரே வேர் மூன்று படியிலும் வருவதற்கு அழகான உதாரணம் சுதந்திரமாகப் பிறந்தவரைக் குறிக்கும் சொல்: ஒருவர் 'டிமோ', பலர் 'ரிம்பே', அந்தத் தன்மை 'ண்டிமாகு'.

வேல்ஸ் நாட்டு மொழியிலும் முதல் மெய் மாறும். 'பென்' என்றால் தலை. 'அவள் தலை' என்று சொல்லும்போது அது 'ஃபென்' ஆகிவிடும். ஆனால் அங்கே அகராதிக்காரருக்குத் தலைவலி இல்லை. முன்னால் இன்ன சொல் வந்தால் இப்படி மாறும் என்பது விதி. தனியாக நிற்கும்போது 'பென்'தான். அந்த அடிப்படை வடிவத்தை மட்டும் அகராதியில் போட்டால் போதும். ஃபுல்ஃபுல்டேயில் அப்படி ஓர் அடிப்படை வடிவம் பேச்சில் தனியாகக் கிடைப்பதில்லை. புல்லோதான் அசல், ஃபுல்பே அதன் திரிபு என்று சொல்ல முடியாது. மாற்றியும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு வகுப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சொல் வெளியே வரும்.

ஐரோப்பியர்கள் இந்த மொழியைக் குறித்துக்கொள்ளத் தொடங்கியபோது இந்தச் சிக்கல் உடனே உறைக்காததற்குக் காரணம் உண்டு. சீகிஸ்மண்ட் கோலே என்ற ஜெர்மானிய மிஷனரி, சியரா லியோனின் ஃப்ரீடவுனில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட மக்களிடம் கேட்டுக் கேட்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளின் சொற்களைத் திரட்டி 1854-இல் 'பாலிகிளாட்டா ஆஃப்ரிக்கானா' என்ற பெரிய நூலாக வெளியிட்டார். அதில் இந்த மொழியும் உண்டு. ஆனால் அது ஆங்கிலப் பொருள் வாரியாக அடுக்கிய பட்டியல். 'தலை' என்ற தலைப்பின் கீழே எல்லா மொழிச் சொல்லும் வரிசையாக வரும். ஆப்பிரிக்கச் சொல்லை அகரவரிசையில் வைக்கவேண்டிய தேவையே எழவில்லை. 1850 முதல் 1855 வரை சஹாராவைக் கடந்து பயணம் செய்த ஹைன்ரிக் பார்த் திரட்டிய சொற்பட்டியல்களும் 1860-களில் அச்சேறின. செனகலின் ஆளுநராக இருந்த பிரெஞ்சுத் தளபதி லூயி ஃபெதெர்ப் 1875-இல் இந்த மொழியைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆண்பால் பெண்பால் என்பதற்குப் பதிலாக மனிதர் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம் என்று இந்த மொழி பிரிப்பதை அவர் கவனித்தார். மனிதர்களுக்கு ஒருமையில் வல்லொலி, பன்மையில் மெல்லொலி. மற்றவற்றில் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

இந்தக் கவனிப்பு பின்னால் போன வழிதான் வருத்தமானது. ஜெர்மனியின் கார்ல் மைன்ஹோஃப் அன்றைக்கு ஆப்பிரிக்க மொழியியலில் மிகப் பெரிய பெயர். 1912-இல் வெளிவந்த 'ஹாமிய மொழிகள்' என்ற நூலில் அவர் ஃபுல்பே மக்களின் மொழியை வடக்கு, கிழக்கு ஆப்பிரிக்க மொழிகளோடு சேர்த்து 'ஹாமிய' மொழி என்று வகுத்தார். இந்த எதிரெதிர் மாற்றத்துக்குத் 'துருவத் தன்மை' என்று பெயரிட்டு அதையும் ஒரு சான்றாகக் காட்டினார். அன்றைய பேச்சில் ஹாமியர் என்றால் வெறும் மொழிக் குழு இல்லை. நிறம் சற்று வெளுத்த, மாடு மேய்க்கிற, மற்ற ஆப்பிரிக்கர்களை ஆளப் பிறந்த இனம் என்ற கற்பனையும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலனி அதிகாரிகளுக்கு இது இனித்ததில் வியப்பில்லை. ஒரு சமூகத்தைப் பக்கத்து ஊர்க்காரர்களிடமிருந்து பிரித்து மேலே தூக்கி வைக்க இலக்கணம் பயன்பட்டது!

அதே ஜெர்மனியில் ஆகஸ்ட் கிளிங்கன்ஹேபன் என்பவர் 1920-களில் வேறு பாதையில் போனார். இந்த மாற்றத்தை கினி-பிசாவ் பகுதியின் பியாஃபாடா மொழியோடு ஒப்பிட்டார். அங்கே வகுப்பைக் காட்டும் முன்னொட்டுகள் இன்னும் சொல்லுக்கு முன்னால் உயிரோடு இருக்கின்றன. ஃபுல்பே மக்களின் மொழியிலும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட முன்னொட்டுகள் இருந்திருக்கவேண்டும். அவை தேய்ந்து மறைந்தபோது பக்கத்து மெய்யில் தங்கள் தடத்தை விட்டுப் போயிருக்கவேண்டும் என்பது விளக்கம். மூக்கொலியில் முடிந்த முன்னொட்டு மறைந்த இடத்தில் 'ம்ப', 'ண்ட' நின்றுவிட்டது. ஆள் போய்விட்டார், கால் தடம் மட்டும் மணலில் இருக்கிறது என்பது மாதிரி.

1949-50-இல் அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் எழுதிய கட்டுரைகள் ஹாமியக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. இந்த மொழியின் நெருங்கிய உறவு எங்கோ வடகிழக்கில் இல்லை; செனகலிலேயே பக்கத்தில் பேசப்படும் செரேர், வோலோஃப் மொழிகளோடுதான் என்று அவர் காட்டினார். வகுப்பு ஒட்டுகள் பொருந்துகின்றன, அடிப்படைச் சொற்கள் பொருந்துகின்றன, செரேரிலும் இதே மாதிரி முதல் மெய் மாறுகிறது. அதுவரை பெரிய புதிராக இருந்தது பக்கத்து வீட்டிலும் இருந்த பழக்கம்தான்!

சரி, அகராதிக்கு வருவோம். செய்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, பேச்சில் வரும் சொல்லை அப்படியே அதன் முதல் எழுத்தில் போடுவது. பெயர்ச்சொல்லுக்கு ஒருமை, வினைக்கு இன்ன வடிவம் என்று வைத்துக்கொண்டு, பன்மைக்கு 'அங்கே பார்க்க' என்று எழுதிவிடலாம். தேடுபவருக்கு இது சுலபம். ஆனால் 'எழுது' ஒரு மூலையிலும் 'எழுத்தாளர்' வேறு மூலையிலும் கிடக்கும். உழவும் உழவரும் பிரிந்துபோவார்கள். குடும்பம் சிதறிவிடும்.

இன்னொன்று, வேரைத் தலைப்பாக வைத்து அதன் கீழே எல்லாவற்றையும் கூட்டுவது. இது அந்தப் பகுதிக் கல்விமான்களுக்குப் புதிதல்ல. ஃபுல்பே அறிஞர்கள் பல தலைமுறைகளாக அரபு படித்தவர்கள். உஸ்மான் டான் ஃபோடியோவும் (1754–1817) அவர் மகள் நானா அஸ்மாவும் தங்கள் மொழியில் அரபு எழுத்தைக் கொண்டு கவிதை எழுதினார்கள். அரபு அகராதிகள் வேர் வாரியாகவே அமைந்தவை. 'கிதாப்', 'மக்தப்' இரண்டும் ஒரே வேரின் கீழ் வரும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அரபில் வேரின் மெய்கள் உறுதியாக நிற்கும், உயிர்கள்தான் ஆடும். இங்கே ஆடுவதே முதல் மெய். வேரை எந்தப் படியில் எழுதுவது?

வழக்கமாக முதல் படி, அதாவது மெல்லொலி வடிவம்தான் வேராக வைக்கப்படுகிறது. வினையைப் பெயரிட்டுச் சொல்லும்போதும் ஒருமையிலும் அதுதான் காதில் விழுகிறது என்பது நியாயமான காரணம். ஆனால் மேலே உள்ள வரிசைகளை இன்னொரு முறை பாருங்கள். 'வ' இரண்டு வரிசையில் இருக்கிறது. 'ய'வும் அப்படியே. வ-வில் தொடங்கும் வேரைப் பார்த்தால் அது வல்லொலியில் ப ஆகுமா, க ஆகுமா என்று சொல்ல முடியாது. மாறாக, வல்லொலி வடிவத்தைத் தலைப்பாக வைத்தால் திரும்பும் வழி கிட்டத்தட்ட தெளிவு: க வந்தால், அடுத்து இ, எ இருந்தால் ய, இல்லையென்றால் பெரும்பாலும் வ. கண் 'யிதெரே', கண்கள் 'கிதே'. ஊர் 'வுரோ', ஊர்கள் 'குரே'. தர்க்கப்படி வல்லொலிதான் நல்ல தலைப்பு. ஆனால் பேசுகிறவர் காதுக்கு அது அந்நியம். இதில் காதுதான் ஜெயித்தது, ஜெயித்ததும் சரிதான். விலையாக ஒவ்வொரு வ-வேருக்கும் பக்கத்தில் அதன் இன்னொரு வடிவத்தையும் குறிக்க வேண்டியதாயிற்று.

குறிக்காவிட்டால் என்ன ஆகும்? 'வர்' என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். பல கிளைமொழிகளில் இதற்கு 'வா' என்று ஒரு பொருள். 'கொல்' என்று இன்னொரு பொருள்! 'ஓ வரீ' என்று மட்டும் கேட்டால் அவர் வந்தாரா, கொன்றாரா என்பதை இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பன்மையில் குட்டு உடைந்துவிடும். வந்தார்கள் என்றால் 'பே ங்கரீ', கொன்றார்கள் என்றால் 'பே ம்பரீ'. இரண்டும் வேறு வேறு வேர்கள். ஒருமையில் மட்டும் ஒரே முகமூடி.

தமிழ் வாசகர் இங்கே ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். 'வர்' என்றால் வருதலா? ஆப்பிரிக்காவிலும் தமிழா? இணையத்தில் இப்படி இரண்டு சொல்லை அருகருகே வைத்து முடிவுக்கு வருபவர்கள் நிறைய. ஆனால் அந்த 'ங்கரீ'யைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இந்த வ உண்மையில் பழைய க-வகை ஒலி ஒன்று தேய்ந்து வந்தது. செனகலின் புலாரில் அந்த வ-வும் இல்லை. அங்கே 'ஓ அரீ', 'பே ங்கரீ' என்பார்கள். உறவு மொழியான செரேரில் 'வா' என்பதற்கு வேர் 'கர்' (தங்கத்தின் க). தமிழ் வருதலோடு ஒத்துப்போனது வேரே அல்ல, தேய்மானம். அகராதியில் பன்மை வடிவத்தைக் குறிக்காமல் 'வர் – வா' என்று மட்டும் போட்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கடன் சொற்கள் இன்னொரு தொல்லை. புத்தகம் 'டெஃப்தெரே', புத்தகங்கள் 'டெஃப்தே'. கண், தலை ஆகிய சொற்கள் இருக்கும் அதே வகுப்புதான். விதிப்படி ஒருமையில் ட இருக்கக்கூடாது, 'ரெஃப்தெரே' என்று வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு சொல்லே கிடையாது. காரணம், அது அரபு 'தஃப்தர்'. (அதே சொல்தான் நம் ஊர் ஆவணக் கச்சேரிகளில் 'தப்தர்' ஆயிற்று.) வெளியிலிருந்து வந்த சொல் முதல் மெய்யை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டது. ஆகவே வேர் அகராதியில் ட-வில் தொடங்கும் ஒரு சொல்லைத் தேடுபவர், இது ர-வில் ஒளிந்திருக்கும் சொந்தச் சொல்லா, ட-விலேயே இருக்கும் விருந்தாளியா என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு தேட வேண்டும். தெரிந்தால் அகராதி எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் அகராதிகள் இந்த மேடுபள்ளங்களில்தான் நடந்தன. அடமாவா பகுதிப் பேச்சுக்கு எஃப். டபிள்யூ. டெய்லரின் ஆங்கில அகராதி 1932-இல் வந்தது. நைஜீரியாவின் கோம்பே வழக்கை வைத்து டி. டபிள்யூ. ஆர்னட் 1970-இல் எழுதிய இலக்கணம் எந்த வகுப்புக்கு எந்தப் படி என்பதை ஒழுங்காக விளக்கியது. அதன்பிறகு வந்தவர்களுக்கு அது ஒரு கைவிளக்கு. மாலியின் மாசினா வழக்குக்கு ஆஸ்பார்ன், டுவயர், டோனஹோ மூவரும் 1993-இல் வெளியிட்ட சொற்களஞ்சியம், தான் வேரை அடிப்படையாகக் கொண்டது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. வெளியாள் ஏமாறாமல் இருக்க, பின்னால் ஆங்கிலத்திலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் தேடும் பட்டியல்களைச் சேர்த்தார்கள். பால் டி வொல்ஃப் 1995-இல் வெளியிட்ட பல கிளைமொழி அகராதி ஆங்கிலத்திலிருந்தே தொடங்குகிறது. முதல் மெய்த் தொல்லைக்கு அது சாமர்த்தியமான தீர்வு, ஆனால் கேட்ட சொல்லுக்குப் பொருள் தேடுபவருக்கு உதவாது.

பெரிய துணிச்சல் கிறிஸ்தியான் ஸெதூ செய்தது. 1998-இல் பாரிசில் வெளிவந்த அவருடைய அகராதி, செனகல் முதல் காமரூன் வரையுள்ள பல கிளைமொழிகளின் வினை வேர்களை ஒரே வரிசையில் கொண்டுவந்தது. வேர் முறையின் உண்மையான லாபம் இங்கேதான். மேற்கே 'விண்டுடே', கிழக்கே அடமாவாவில் 'விண்டுகோ' என்று எழுதுதலுக்கு வால் வேறு வேறு. அதோடு அடமாவா பேச்சில் வினையின் பன்மை மாற்றமே பெரிதும் மறைந்துவிட்டது. அங்கே அவர் எழுதினாலும் அவர்கள் எழுதினாலும் வினைச்சொல் ஒன்றுதான். வாலையும் தலையையும் நீக்கிவிட்டு 'விண்ட்' என்ற வேரை மட்டும் வைத்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் சந்திக்கிறார்கள். அரசாங்க எல்லைகள் பல துண்டுகளாக வெட்டிய மொழிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் தன் தாய்மொழியைப் படிக்கும் குழந்தைக்கு? 'ண்டிமாகு' என்ற சொல்லைத் தேட ர-வுக்குப் போ என்றால் விழிக்கும். பேசும்போது அதே குழந்தை ஒரு முறைகூடத் தப்பாக மாற்றுவதில்லை. விதி நாக்குக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. அதனால் எழுத்தறிவு வகுப்புகளுக்குச் சொல் வடிவில் அடுக்கிய சிறு அகராதிகளே பொருத்தம் என்பது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல.

எழுத்தும் நடுவே மாறிக்கொண்டிருந்தது. பழைய சேகரிப்பாளர்கள் பலர் உள்ளிழுக்கும் ப-வையும் சாதாரண ப-வையும் ஒரே எழுத்தால் எழுதிவைத்தார்கள். ஒன்று மாறும், மற்றது மாறாது. கலந்து எழுதினால் வேரைக் கண்டுபிடிப்பது எப்படி? 1966-இல் யுனெஸ்கோ ஏற்பாட்டில் மாலியின் தலைநகர் பமாகோவில் நடந்த கூட்டத்தில் இவற்றுக்குக் கொக்கி போட்ட தனி எழுத்துகள் முடிவாயின. 1989-இல் கினியில் இப்ராஹிமா பாரி, அப்துலாயி பாரி என்ற இரண்டு சகோதரர்கள், சிறுவர்களாக இருந்தபோதே, தங்கள் மொழிக்கென்று 'அட்லம்' என்ற புதிய எழுத்தை உருவாக்கினார்கள். 2016-இல் அது யூனிகோடில் இடம் பிடித்தது. அ, ட, ல, ம என்ற முதல் நான்கு எழுத்துகளைச் சேர்த்துத்தான் அந்தப் பெயர். ஆக, அகரவரிசையே புதிது. ஆனால் அந்த வரிசையிலும் புல்லோவும் ஃபுல்பேயும் வேறு வேறு இடத்தில்தான் இருப்பார்கள்.

கணினி வந்தபிறகு சண்டை ஓரளவு தணிந்திருக்கிறது. அகராதி செய்பவர்கள் பயன்படுத்தும் ஷூபாக்ஸ், அதன்பின் வந்த ஃபீல்ட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் வேருக்கு ஒரு கட்டம், வெளியே காட்டும் சொல் வடிவத்துக்கு வேறொரு கட்டம் என்று தனித்தனியாக உண்டு. ஒரே தரவிலிருந்து ஆய்வாளருக்கு வேர் வரிசையிலும், மாணவருக்குச் சொல் வரிசையிலும் அச்சடித்துக்கொள்ளலாம். 'பொப்பி' என்று தட்டினால் 'ஃபோவ்ரு'வைக் கொண்டுவந்து காட்டலாம். ஆனால் அதற்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு வ-வுக்கும் பக்கத்தில், இது ப ஆகும் வ-வா, க ஆகும் வ-வா என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். 'அவர்கள் வந்தார்கள் என்பதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று ஒரு மாடு மேய்ப்பவரிடம் கேட்டால், அந்தக் கட்டத்துக்கான விடை அவர் வாயிலிருந்து உடனே வந்துவிடும்.